உயிலும் ஊராரும்: சேகரிப்பாளரின் மாளிகை பொது அருங்காட்சியகம் ஆகும்போது

1924 ஜூலையில் பாஸ்டன் நகரில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் தம் 84-ஆம் வயதில் காலமானார். டிஷியனின் ‘யூரோப்பா’, வெர்மீரின் ‘கச்சேரி’, ரெம்பிராண்ட் தீட்டியவற்றுள் ஒரே கடற்காட்சியான ‘கலிலேயாக் கடலில் புயல்’ ஆகியவை தொங்கிய தம் மாளிகையை அவர் ஊருக்கு எழுதிவைத்திருந்தார். அதைப் பராமரிக்க 10 லட்சம் டாலர் மூலநிதியும் ஒதுக்கியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை இருந்தது. தாம் அமைத்துவைத்த அமைப்பை அறங்காவலர்கள் நிரந்தரமாக மாற்றினாலோ, புதிய கலைப்பொருள்களைக் காட்சியில் சேர்த்தாலோ, மாளிகையும் அதிலுள்ள அத்தனையும் விற்கப்பட வேண்டும்; கிடைக்கும் பணம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்.

ஊருக்குக் கொடுத்த கொடையிலேயே அதைத் திரும்பப் பிடுங்கும் கயிறும் கட்டப்பட்டிருந்தது. செல்வந்தர் ஒருவரின் வீடு பொது அருங்காட்சியகமாக மாறிய எல்லா இடங்களிலும் இப்படியொரு கயிறு ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. இறந்தவரின் விருப்பத்துக்கு எத்தனை தலைமுறை கட்டுப்பட வேண்டும்? அந்த வீட்டையும் அதன் அடுக்கையும் கலைப்பொருளாகவே கருதிக் காப்பதா, அல்லது ஓவியங்கள் பத்திரமாக இருந்தால் போதும் என்று விடுவதா? ‘பொது’ என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் அது பொதுவாகிவிடுமா? 120 ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களும் நாடாளுமன்றங்களும் அறங்காவலர்களும் இந்தக் கேள்விகளுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத விடைகளைத் தந்துவந்திருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது சில முடிவுகளுக்கு வர முடிகிறது.

கார்ட்னரிடமிருந்தே தொடங்கலாம். நியூயார்க்கில் பிறந்து, 1860-இல் ஜாக் கார்ட்னரை மணந்து பாஸ்டனுக்கு வந்தவர் அவர். ஒரே மகன் இரண்டு வயதுகூட நிரம்பாமல் 1865-இல் இறந்தான். 1891-இல் தந்தை இறந்து பெருஞ்செல்வம் கைக்கு வந்ததும் அவருடைய சேகரிப்பு வேகமெடுத்தது. மறு ஆண்டே பாரிஸ் ஏலத்தில் வெர்மீரின் ‘கச்சேரி’யை வாங்கினார். வெர்மீரின் பெயர் இன்றுபோல் உலகப் பெயராக இல்லாத காலம் அது. இளம் கலை அறிஞர் பெர்னார்ட் பெரன்சன் இத்தாலியிலிருந்து ஆலோசனை சொல்ல, 1896-இல் ‘யூரோப்பா’ வந்துசேர்ந்தது. இரண்டு ஆண்டு கழித்துக் கணவர் இறந்தார். இருவரும் சேர்ந்து போட்டுவைத்திருந்த அருங்காட்சியகத் திட்டத்தைத் தனியாளாக நிறைவேற்ற அவர் இறங்கினார். நகரின் சதுப்புநிலத்தை மண்கொட்டி நிரப்பி உருவாக்கிய ஃபென்வே பகுதியில் நிலம் வாங்கி, வெனிஸிலிருந்து தூண்களையும் சாளரங்களையும் மாடங்களையும் கப்பலில் தருவித்து, வெனிஸ் மாளிகையின் முகப்பை உள்முற்றத்தை நோக்கித் திருப்பிக் கட்டவைத்தார். 1903-ஆம் ஆண்டின் முதல் நாளில் இசைக் கச்சேரியுடன் அது நண்பர்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் மேல்மாடியில் குடியிருந்தார், கீழ்த்தளங்கள் காட்சிக்கூடங்களாயின.

அந்த அறைகளின் அடுக்கில் வரலாற்று வரிசை இல்லை, நாட்டு வாரியான பிரிவு இல்லை, சுவரில் விளக்கக் குறிப்பும் இல்லை. ‘யூரோப்பா’வின் கீழே தம்முடைய உடைகளில் ஒன்றிலிருந்து எடுத்த பட்டுத் துணியைச் சுவரில் பதித்துவைத்தார். விலைமதிப்பற்ற ஓவியத்துக்குப் பக்கத்தில் நண்பரின் கடிதம், ஒரு நாற்காலி, தேவாலயத்திலிருந்து வந்த துணி என்று வீடு நிறைந்திருக்கிறது. ஓவியக் கல்லூரியில் பயின்ற மேற்பார்வையாளர் எவரும் இப்படி அடுக்கமாட்டார். ஆனால் ஒரு மனுஷி ஓவியங்களோடு எப்படி வாழ்ந்தாள் என்பதை இந்த அடுக்கு சொல்வதுபோல் எந்த நூலும் சொல்லாது. அந்த அளவில் அவருடைய நிபந்தனை வீம்பிலிருந்து வந்ததென்று ஒதுக்கிவிட முடியாது. ஓவியங்களைத் தீட்டியவர்கள் வேறு. அந்த அறைகளைப் படைத்தவர் அவர். தம் படைப்பைக் கலைக்க வேண்டாம் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

இதே கார்ட்னரின் கதையில் மறுபக்கமும் இருக்கிறது. அக்காலத்து அமெரிக்காவில் இறக்குமதியாகும் கலைப்பொருள்களுக்கு 20 சதவீதச் சுங்கவரி இருந்தது; பொது அருங்காட்சியகத்துக்கு வருபவற்றுக்கு விலக்கு உண்டு. ஃபென்வே மாளிகையும் அந்த விலக்கைக் கோரியது. ஆனால் ஆண்டில் சில நாள்கள் மட்டும், அதுவும் குறைந்த எண்ணிக்கையில் நுழைவுச்சீட்டு விற்றுத் திறக்கப்பட்ட இடம் பொது இடமாகாது என்று 1904-இல் அரசு முடிவெடுத்தது. அவர் பெருந்தொகையை வரியாகக் கட்ட வேண்டியதாயிற்று. நூறாண்டு தாண்டியும் இந்தக் கேள்வி தீரவில்லை. 2015 நவம்பரில் அமெரிக்க செனட்டின் நிதிக் குழுத் தலைவர் ஆரின் ஹாட்ச், வரிவிலக்குப் பெறும் 11 தனியார் அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுதினார். எத்தனை நாள் திறந்திருக்கிறீர்கள், எத்தனை பேர் வருகிறார்கள், கொடையாளரின் வீட்டுக்கும் அருங்காட்சியகத்துக்கும் என்ன தொடர்பு என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார். வரிவிலக்கு என்பது மக்கள் கொடுக்கும் பணம். அந்தப் பணத்தைப் பெறும் வீட்டின் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று கேட்பது மக்களின் வேலைதான்.

1990 மார்ச் 18 அதிகாலையில் காவலர் சீருடையில் வந்த இருவர், ‘கச்சேரி’, ‘கலிலேயாக் கடலில் புயல்’ உள்ளிட்ட 13 பொருள்களை 81 நிமிடங்களில் கார்ட்னர் மாளிகையிலிருந்து கொண்டுபோய்விட்டார்கள். திருட்டுக்குக் காப்பீடு இல்லை. இன்றுவரை ஒன்றும் திரும்பவில்லை. ஒரு கோடி டாலர் சன்மானம் அறிவித்தும் பயனில்லை. ஓவியங்கள் இருந்த இடத்தில் வெறும் சட்டங்களே தொங்குகின்றன. துப்பறியும் கதைபோல இதை எழுதியவர்கள் ஏராளம். நம் கேள்விக்குத் தேவையான உண்மை வேறு: அடுக்கை மாற்றாமல் காப்பதற்கு உயில் கடுமையான ஏற்பாடு செய்திருந்தது, ஆனால் பொருள்களைப் பாதுகாக்கும் செலவு பின்னாளில் எவ்வளவு உயரும் என்பதை அக்காலத்தில் எழுதப்பட்ட எந்த உயிலும் அறிந்திருக்க முடியாது.

பின்னர் அந்த அருங்காட்சியகம் எடுத்த முடிவை நான் முன்மாதிரியாகவே கருதுகிறேன். பார்வையாளர் கூட்டம் பெருகப் பெருகப் பழைய மாளிகை தாங்கவில்லை. கச்சேரி, தற்காலிகக் கண்காட்சி, பழுதுபார்ப்பு, உணவகம் எல்லாம் அந்த அறைகளுக்குள்ளேயே நெருக்கியடித்தன. அறங்காவலர்கள் உயிலைச் சத்தமில்லாமல் மீறாமல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009-இல் அனுமதி கிடைத்தது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய கட்டடம் மாளிகைக்குப் பின்னால் எழுந்து 2012 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்காகக் கார்ட்னர் காலத்து வண்டிக்கொட்டகை இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் பாரமெல்லாம் புதுக் கட்டடத்துக்கு இறங்கிவிட்டதால் கார்ட்னரின் அறைகள் தப்பின.

நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பைப் பற்றிப் பேசும்போது ஓவியங்களுக்கு முன்னால் பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஹென்றி கிளே ஃபிரிக் நிலக்கரியிலும் எஃகிலும் பொருள் குவித்தவர். 1892-இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை வேலைநிறுத்தத்தை உடைக்க அவர் பிங்கர்டன் கூலிக் காவலர்களைப் படகுகளில் அனுப்பினார்; ஜூலை 6 அன்று நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அதே மாதம் அரசின்மைவாதி அலெக்சாண்டர் பெர்க்மன் அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டும் குத்தியும் ஃபிரிக் பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் அவென்யூவில் 1914-இல் குடியேறிய மாளிகையை, 1919-இல் இறக்கும்போது ஒன்றரைக் கோடி டாலர் மூலநிதியோடு மக்களுக்கு விட்டார். மனைவி 1931 வரை அங்கே வாழ்ந்தார். பிறகு கட்டடம் விரிவாக்கப்பட்டு 1935 டிசம்பரில் திறக்கப்பட்டது.

அங்குள்ள ‘லிவிங் ஹால்’ அறையில் கணப்பின் இருபுறமும் ஹோல்பைன் வரைந்த தாமஸ் மோரும் தாமஸ் கிராம்வெல்லும் எதிரெதிரே இருக்கிறார்கள். நடுவில் எல் கிரேக்கோவின் புனித ஜெரோம். மன்னனுக்குப் பணிய மறுத்துத் தலையை இழந்தவரும் அவருடைய வீழ்ச்சிக்கு வேலை செய்தவரும் ஒரே சுவரில். ஃபிரிக் செய்த அந்த அடுக்கை எடுத்துவிட்டு ஹோல்பைன்களை ஜெர்மானிய ஓவியப் பிரிவுக்குக் கொண்டுபோனால் இரண்டு நல்ல ஓவியங்கள் மிஞ்சும். அந்த மௌனச் சண்டை போய்விடும். 2025 ஏப்ரலில் பெரிய சீரமைப்புக்குப் பின் ஃபிரிக் மறுபடி திறந்தபோது, குடும்பம் வாழ்ந்த இரண்டாம் தளம் முதன்முறையாகப் பார்வையாளர்களுக்குக் கிடைத்தது. கொடை கொடுத்து 105 ஆண்டுக்குப் பிறகுதான் படுக்கையறைகளின் கதவு ஊராருக்குத் திறந்திருக்கிறது. ஹோம்ஸ்டெட்டில் இறந்தவர்களின் கதையையும் அந்தச் சுவர்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். செல்வத்தின் வரலாறும் அந்த வீட்டின் வரலாறுதான். ஓவியங்களை ரசிப்பதற்கு அது இடைஞ்சல் இல்லை.

பிரிட்டனில் இதே சிக்கல் இரவல் பற்றிய சண்டையாக உருவெடுத்தது. லண்டனின் ஹெர்ட்ஃபோர்ட் இல்லத்தில் இருந்த சேகரிப்பை 1897-இல் வாலஸ் சீமாட்டி நாட்டுக்கு விட்டார். 1900 ஜூனில் அது வாலஸ் கலெக்‌ஷன் என்ற பெயரில் திறந்தது. வேறு பொருள்களோடு கலக்கக் கூடாது என்ற நிபந்தனையை, வெளியே ஒன்றும் போகக் கூடாது என்றே நூறாண்டுக்கும் மேலாகப் பொருள்கொண்டார்கள். 2019-இல்தான் தற்காலிக இரவலுக்கு வழி பிறந்தது.

கிளாஸ்கோவின் வில்லியம் பரல் கதை இன்னும் தெளிவானது. கப்பல் வணிகரான அவர் 1944-இல் தம் சேகரிப்பை நகரத்துக்குக் கொடுத்தபோது, நகர மையத்திலிருந்து குறைந்தது 16 மைல் தள்ளித்தான் கட்டடம் அமைய வேண்டும் என்றார். ஆலைப் புகையில் திரைச்சீலைச் சித்திரங்கள் கறுத்துவிடும் என்ற நியாயமான அச்சம். ஆனால் அவர் சொன்னபடி இடம் அமையவில்லை. 1958-இல் அவர் இறந்தார். பொருள்கள் கிடங்குகளில் கிடந்தன. 1956-இல் வந்த தூய காற்றுச் சட்டம் நகரத்தின் புகையை மெல்லக் குறைத்தது. 1967-இல் நகருக்குள்ளேயே உள்ள போலக் பூங்காவை மாக்ஸ்வெல் மெக்டொனால்ட் குடும்பத்தார் ஊருக்குக் கொடுக்க, அங்கே கட்டடம் எழும்பி 1983-இல் திறந்தது. கொடைக்கும் திறப்புக்கும் நடுவே 39 ஆண்டு; ஒரு தலைமுறை முழுக்க அவற்றைப் பார்க்காமலே போயிற்று. வெளிநாட்டுக்கு இரவல் தரக் கூடாது என்ற அவருடைய இன்னொரு நிபந்தனையைத் தளர்த்த 2014-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. கூரை ஒழுகிய கட்டடத்தைச் சீரமைக்கப் பொருள்களை வெளியே அனுப்ப வேண்டியிருந்த சமயம் அது. விவாதம் நடந்தது, எதிர்ப்பாளர்கள் பேசினார்கள், வாக்கெடுப்பும் நடந்தது. இறந்தவரின் சொல்லை மாற்றுவதென்றால் இப்படி வெளிச்சத்தில் மாற்ற வேண்டும்.

பிலடெல்பியாவின் பார்ன்ஸ் அறக்கட்டளையில்தான் இந்தக் கேள்வி முழு உக்கிரத்தோடு வெடித்தது.

ஆல்பர்ட் பார்ன்ஸ் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. மருத்துவம் படித்தவர். ஹெர்மன் ஹில்லே என்ற வேதியியலாளரோடு சேர்ந்து, பிறந்த குழந்தைகளின் கண்ணில் தொற்று வராமல் தடுக்கும் ‘ஆர்ஜிரால்’ என்ற வெள்ளிச் சேர்ம மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதில் வந்த பணத்தில் ரெனுவா, செசான், மத்தீஸ், பிக்காசோ என்று வாங்கிக் குவித்தார். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சிக்குச் சில மாதங்கள் முன்பு நிறுவனத்தை விற்றுவிட்டதால் மற்றவர்கள் நொடித்துக் கிடந்த காலத்திலும் அவரால் வாங்க முடிந்தது. ரெனுவா 181, செசான் 69, மத்தீஸ் 59, பிக்காசோ 46 என்ற கணக்கைக் கேட்டாலே சேகரிப்பின் வீச்சு விளங்கும்.

ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியம் அவர் அவற்றைக் கொண்டு என்ன செய்ய நினைத்தார் என்பது. தம் தொழிற்சாலையிலேயே ஓவியங்களை மாட்டி, வேலை நேரத்திலேயே தொழிலாளர்களுக்கு வகுப்பு நடத்தியவர் அவர். தத்துவவாதி ஜான் டூயி அவருக்கு நெருங்கிய நண்பர். 1922-இல் அவர் தொடங்கியது சட்டப்படி ஒரு கல்வி நிறுவனம். மெரியன் என்ற புறநகரில் போல் கிரே கட்டிய காட்சிக்கூடம் அதன் வகுப்பறை. சுவரில் செசானின் ‘சீட்டாட்டக்காரர்க’ளுக்கு மேலே ஸ்யூராவின் ‘மாடல்கள்’, சுற்றிலும் பழைய கதவுக் கீல்கள், சாவிகள், கரண்டிகள், கீழே நாட்டுப்புறத் தச்சர் செய்த பெட்டி. வேறோர் அறையில் ஆப்பிரிக்கச் சிற்பங்கள். ஒளி, கோடு, நிறம், வெளி என்ற நான்கை வைத்துப் பார்க்கப் பழக்குவது அவருடைய முறை. இரும்புக் கீலின் வளைவும் ஓவியத்தில் பெண்ணின் தோள் வளைவும் ஒன்றையொன்று கூப்பிடுவதைக் கண்டுகொள்கிறவர் எந்தப் படிப்பும் இல்லாதவராக இருக்கலாம் என்று அவர் நம்பினார். 1923-இல் அவருடைய ஓவியங்களைப் பார்த்துப் பிலடெல்பியாவின் விமர்சகர்கள் ஏளனம் செய்திருந்தார்கள். அந்தக் காயம் அவருக்கு ஆறவேயில்லை. பேர்பெற்றவர்கள் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுவார். சாமானியர் கேட்டால் கதவு திறக்கும்.

அறக்கட்டளைப் பத்திரத்தில் அவர் எழுதிவைத்தவை: ஓவியம் எதையும் விற்கக் கூடாது, இரவல் தரக் கூடாது, அவர் மறைவுக்குப் பின் இருந்த இடத்திலிருந்து நகர்த்தவும் கூடாது. நிதியை எந்த வகைப் பத்திரங்களில் போடலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. காலப்போக்கில் அறங்காவலர்களை முன்மொழியும் உரிமையைக் கறுப்பின மக்களின் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குத் தந்தார். 1951 ஜூலையில் சாலை விபத்தில் இறந்தார்.

பிறகு வந்த அறுபது ஆண்டுகளில் இந்த ஒவ்வொரு வரியும் நீதிமன்றத்துக்குப் போயிற்று. வரிவிலக்குப் பெறும் நிறுவனம் பொதுமக்களைத் தடுக்கலாமா என்று பென்சில்வேனியா மாநில அரசே வழக்குத் தொடுத்ததன் விளைவாக 1961-இல் வாரத்தில் இரண்டு நாள் கதவு திறந்தது. பத்திர முதலீட்டில் முடங்கிய நிதியைப் பணவீக்கம் தின்றது. கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்று 1993 முதல் 1995 வரை ஓவியங்கள் பாரிஸ், டோக்கியோ என்று ஊர் ஊராகக் காட்சிக்குப் போய்வந்தன. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டி நெரிசலைக் காட்டி எதிர்த்தார்கள். வாரத்துக்கு 1,200 பேருக்கு மேல் வரக் கூடாது என்று உள்ளூர் நிர்வாகம் வரம்பு விதித்தது. வழக்குச் செலவில் கையிருப்பு கரைந்தது. 2002-இல் அறங்காவலர்கள், பிலடெல்பியா நகருக்கே சேகரிப்பை இடம்மாற்ற அனுமதி கேட்டார்கள். நகரின் பெரிய அறநிறுவனங்கள் 15 கோடி டாலர் திரட்டித் தர முன்வந்தன. 2004 டிசம்பரில் நீதிபதி ஸ்டான்லி ஆட் அனுமதி தந்தார். அறங்காவலர் குழு 5 பேரிலிருந்து 15 பேராகப் பெருகியது. அதில் லிங்கன் பல்கலைக்கழகத்தின் குரல் சிறுபான்மையானது. 2012 மே மாதம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பார்க்வேயில் புதிய கட்டடம் திறந்தது. மெரியனின் அறைகளை அளவு பிசகாமல், ஓவியம் ஒவ்வொன்றும் பழைய வரிசையிலேயே இருக்கும்படி உள்ளே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. பேருந்திலும் ரயிலிலும் எளிதில் வந்துசேரும் நடுநகரில், முன்பைவிடப் பல மடங்கு மக்கள் இந்த ஓவியங்களைப் பார்க்கிறார்கள். தொழிலாளிக்காகச் சேகரித்தேன் என்று சொன்னவரின் ஓவியங்கள், வசதியுள்ளோர் வாழும் புறநகரில் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் போய்வரும் இடத்தில் இருந்தன என்பது உண்மை. அடுக்கும் அப்படியே இருக்கிறது.

இருந்தும் அந்தத் தீர்ப்பு தவறு என்றே நான் கருதுகிறேன். அணுகல் குறைவாக இருந்ததற்குக் காரணம் உள்ளூர் வரம்பு. அது மனிதர்கள் போட்டது, மனிதர்களால் மாற்றக்கூடியது. 2007-இல் உள்ளூர் நிர்வாகம் வரம்பைத் தளர்த்தவும் செய்தது. மாவட்ட நிர்வாகமும் நிதியுதவிக்கு முன்வந்தது. அதற்குள் இடமாற்றம் முடிவாகியிருந்தது. நிதி முதலீட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது, திறக்கும் நாள்களைக் கூட்டுவது, நுழைவுக் கட்டணத்தை உயர்த்துவது, பக்கத்தில் இன்னொரு கட்டடம் எழுப்புவது என்று சிறிய மாற்றங்கள் பல இருந்தன. நோக்கத்துக்கு மிகக் குறைந்த சேதம் தரும் மாற்றத்தைத்தான் முதலில் முயல வேண்டும் என்பது அறக்கட்டளைச் சட்டத்தின் பழைய நெறி. இங்கே ஆகப் பெரிய மாற்றமே முதலில் வந்து நின்றது. ஓர் ஏழை நிறுவனத்துக்குப் பணம் தர மறுத்துவந்த நகரத்துப் பெருஞ்செல்வம், சேகரிப்பு தன் வாசலுக்கு வரும் என்றதும் பையைத் திறந்தது. கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்கு ஒருவர் நம்பிக்கையோடு கொடுத்த பொறுப்பும் அந்தப் பேரத்தில் கரைந்தது. இந்த இரண்டாவது இழப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உயில் இறுக்கமாக இருந்ததால் வந்த தொல்லைகள் இவை. உயிலே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத் சாட்சி.

மூன்றாம் சாலர் ஜங் எனப்பட்ட மீர் யூசுப் அலி கான் 1889-இல் பிறந்தவர். ஏழாம் நிஜாமின் திவானாக 1912 முதல் இரண்டாண்டு இருந்து விலகியபின், வாழ்நாள் முழுவதையும் ஜாகீர் வருமானத்தின் பெரும்பகுதியையும் சேகரிப்பிலேயே செலவிட்டார். பாட்டனார் முதலாம் சாலர் ஜங் 1876-இல் ரோமில் வாங்கிய பென்சோனியின் ‘முக்காடிட்ட ரெபெக்கா’ சிலை ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பேரன் அதோடு மொகலாயர் காலத்துப் பச்சைக்கல் பிடி வைத்த கத்திகள், பாரசீகக் கம்பளங்கள், அரபுச் சுவடிகள், சீனப் பீங்கான், ஐரோப்பியக் கடிகாரங்கள், ரவி வர்மா ஓவியங்கள் என்று சேர்த்துக்கொண்டே போனார். விற்பனையாளர்கள் உலகெங்கிலுமிருந்து அவருடைய திவான் தேவ்டி அரண்மனைக்கு வந்தார்கள். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1949 மார்ச் 2 அன்று இறந்தபோது நேர் வாரிசு இல்லை.

ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜாகீர் முறையே ஒழிந்துகொண்டிருந்த சமயம். சேகரிப்பு துண்டு துண்டாக ஏலத்துக்குப் போயிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. எஸ்டேட்டை நிர்வகிக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. ஹைதராபாத்தின் தலைமை நிர்வாகி எம். கே. வெள்ளோடி, இதை அருங்காட்சியகமாக்கலாம் என்று முனைந்தார். பொருள்களை ஒழுங்குபடுத்தும் வேலை ஜேம்ஸ் கசின்ஸிடம் வந்தது. அயர்லாந்தில் பிறந்து அடையாறு பிரம்மஞான சபையின் வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தின் சித்ராலயம் ஓவியக்கூடம் உருவாகக் காரணமாயிருந்த அதே கசின்ஸ்தான். 1951 டிசம்பர் 16 அன்று ஜவாஹர்லால் நேரு திவான் தேவ்டியிலேயே அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். பின்னர் உறவினர்களோடு உயர் நீதிமன்றத்தின் வழியாக ஏற்பட்ட சமரசத்தால் சேகரிப்பு இந்திய அரசுக்குச் சேர்ந்தது. 1961-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1968-இல் மூசி ஆற்றங்கரையில் கட்டிய புதிய கட்டடத்துக்கு எல்லாம் இடம்மாறியது.

சிதறாமல் காப்பாற்றியது பெரிய சாதனை. அதை முழு மனத்தோடு சொல்ல வேண்டும். மணி அடிக்கும்போது பொம்மை வெளியே வந்து சேகண்டியைத் தட்டும் கடிகாரத்தைப் பார்க்க அங்கே கூடும் கூட்டத்தில் கிராமத்துக் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள். ஃபிரிக்கிலோ வாலஸிலோ காண முடியாத ஜனக்கூட்டம் அது. பொது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் வீடு போய்விட்டது. திவான் தேவ்டியின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் ஹைதராபாத்வாசிகளுக்கு நினைவுக்கு வருவது மொத்த விலைத் துணிக்கடைகள். புதிய கட்டடத்தில் பொருள்கள் வகைவாரியாகப் பிரிக்கப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போயின. தனியொரு மனிதர் ஏன் இதையும் அதையும் சேர்த்துவைத்தார், எந்தக் கூடத்தில் எதன் எதிரே எது இருந்தது, விருந்தினர் எதைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள் என்பதையெல்லாம் இனி அறிய வழியில்லை. தக்காணத்துப் பிரபு ஒருவர் ஐரோப்பாவையும் பாரசீகத்தையும் சீனாவையும் ஒரே கூரையின் கீழ் எப்படிக் கற்பனை செய்துகொண்டார் என்பது இந்தியக் கலை ரசனையின் வரலாற்றில் முக்கியமான அத்தியாயம். பொருள்கள் முழுமையாக நம்மிடம் இருந்தும் அந்த அத்தியாயம் நம்மிடம் இல்லை. அகலமான புதுக் கட்டடத்தைக் கட்டியதில் பிழையில்லை. பழைய அரண்மனையின் சில அறைகளையாவது இருந்தபடியே விட்டிருக்கலாம்.

சேகரிப்புக்கு வீடே கிடைக்காமல் போன கதை ஒன்று நம்மவருடையது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, சர் முத்து குமாரசாமியின் மகன், ராஜபுத்திர ஓவியங்களையும் இந்தியச் சிற்பங்களையும் ஊர் ஊராக அலைந்து சேகரித்தவர். காசியில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று அமைந்தால் அவற்றைத் தருவதாக முன்வந்தார். அதற்கு ஆதரவு திரளவில்லை. டென்மன் ராஸ் என்ற பாஸ்டன் செல்வந்தர் சேகரிப்பை வாங்கி அந்நகர நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க, 1917-இல் குமாரசாமியும் அதன் காப்பாளராகப் போய்ச் சேர்ந்தார். கார்ட்னர் மாளிகையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அது இருக்கிறது. ராஜபுத்திர ஓவியங்களைப் பற்றி உலகம் கற்றது பாஸ்டனில் இருந்த அந்தப் படங்களை வைத்து.

இத்தனை வழக்குகளையும் பார்த்தபின் என் முடிவு இது. சேகரிப்பாளர் தாமே அடுக்கிய அறைகள் இருந்தால் அவற்றை ஓவியத்துக்கு நிகராகக் காக்க வேண்டும்; எண்ணிக்கையில் கொஞ்சமானாலும் சரி. விற்பனைத் தடையை எக்காலத்திலும் தளர்த்தக் கூடாது. திறக்கும் நேரம், கட்டணம், முதலீடு, இரவல், கட்டட விரிவாக்கம் ஆகியவற்றில் மட்டும் இறந்தவரின் சொல்லை இருப்பவர்கள் மாற்றலாம். அந்த மாற்றமும் நீதிமன்றத்திலோ சட்டமன்றத்திலோ எல்லோரும் கேட்கும்படி நடக்க வேண்டும். கொடையாளர் எந்தச் சமூகத்தாரை நம்பிப் பொறுப்பைத் தந்தாரோ அவர்களின் பலத்தைக் குறைக்கும் மாற்றத்தை, நிதி நெருக்கடி என்ற காரணத்துக்காக ஏற்கக் கூடாது.

நம் ஊர்களிலும் மூன்று தலைமுறை சேர்த்த தஞ்சாவூர் ஓவியங்களும், தேர்ச் சிற்பங்களும், செப்புப் பாத்திரங்களும், கண்ணாடி ஓவியங்களும் பூட்டிய வீடுகளுக்குள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய பொருள்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் வரிசையாக விலைக்கு நிற்பதைப் போகிறவர் எவரும் பார்க்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு உரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொடுக்க எண்ணம் இருந்தால் உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள். எந்த அறையில் எது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் புகைப்படமெடுத்து, வாங்கிய கதையோடு பதிவுசெய்துவையுங்கள். பொருளோடு பராமரிப்புக்கான பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் நிபந்தனைகளுள் முதலாவதாக, வாரத்தில் எத்தனை நாள் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதை எழுதுங்கள்.